லோஃபோட்டன்: ஜூலையில் அறையிசை விழாவும் தீவுச் சுற்றும், 16 பேருக்கு எப்படித் திட்டமிடுவது?

பயணச்சிட்டை

வணக்கம். வடக்கு நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஜூலையில் நடக்கும் அறையிசை (சேம்பர் மியூசிக், சில வாத்தியக்காரர்கள் மட்டும் சேர்ந்து வாசிப்பது) விழாவை மையமாக வைத்து ஒரு குழுப் பயணம் போடுகிறோம். மொத்தம் 16 பேர். பாதிப் பேர் சென்னையிலிருந்து, மீதிப் பேர் ஜெர்மனி, லண்டன். வயது 30 முதல் 72 வரை. நான்கு பேர் சுத்த சைவம், இரண்டு பேருக்கு முழங்கால் வலி. எட்டு இரவுகள். எல்லோரும் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள், மேற்கத்திய இசை சிலருக்கு மட்டும் பழக்கம்.

கேள்விகள்: எப்படிப் போய்ச் சேர்வது? ஒரே இடத்தில் தங்குவதா, இரண்டு இடமா? ஒரு நாளைக்கு எத்தனை கச்சேரி வைக்கலாம்? நள்ளிரவுச் சூரியன் கிடைக்குமா? இவ்வளவு தூரம் போகிறோம், இன்னும் வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள்.

வடகரை

வணக்கம். முதலில் ஒரு விசயம். விழா 2004இல் தொடங்கினது, சில வருசங்களில் பியானோ விழாவாக நடக்கும். அதனால் நீங்கள் போற வருசம் எது என்று பார்த்துவிட்டுத் திகதியைக் குறியுங்கோ. குவார்டெட் (இரண்டு வயலின், வியோலா, செலோ என்று நால்வர் வாசிக்கிறது) கேட்க வருகிறவைக்கு முழுக்கப் பியானோ என்றால் ஏமாற்றம்தான்.

போய்ச் சேர மூன்று வழி இருக்கு. ஒஸ்லோவிலிருந்து ஹார்ஸ்டா/நார்விக் ஏவனஸ் விமான நிலையத்துக்கு ஜெட் விமானம், பிறகு ஸ்வோல்வர் வரைக்கும் 165 கிலோமீற்றர் அளவில் றோட்டுப் பயணம். இடையில் படகு ஏறத் தேவையில்லை, 2007இல் லோஃபாஸ்ட் றோட்டு திறந்த பிறகு தரைவழி முழுசாக இணைஞ்சிட்டுது. இரண்டாவது, பூடோவிலிருந்து ஸ்வோல்வருக்கோ லெக்னஸுக்கோ சின்ன விமானம். அந்த டாஷ் 8 விமானத்தில் 39 இருக்கைதான். 16 பேர் என்றால் கிட்டத்தட்டப் பாதி விமானம், கடைசி நேரத்தில் ஒரே பறப்பில் இடம் எடுக்கேலாது. மூன்றாவது, பூடோவிலிருந்து மொஸ்கனஸுக்கு வாகனப் படகு, மூன்றரை மணித்தியாலம் அளவில். வெஸ்ட்ஃபியோர்டு திறந்த கடல், தென்மேற்குக் காற்று அடிச்சால் நல்லா ஆட்டும். வாந்தி வாறவைக்கு ஏறுறதுக்கு ஒரு மணித்தியாலம் முன்னமே குளிசை குடுங்கோ, ஆடத் தொடங்கின பிறகு குடுத்துப் பிரயோசனம் இல்லை.

16 பேருக்கு நான் சொல்லுறது ஏவனஸ். பெரிய விமானம், வாடகை வாகனம் அங்கேயே, கடலை நம்பி இருக்கத் தேவையில்லை.

தங்குமிடம்: ஸ்வோல்வர் அல்லது கபெல்வோக். இரண்டுக்கும் இடையில் 6 கிலோமீற்றருக்குள்தான். பெரிய கச்சேரிகள் நடக்கிற வோகன் தேவாலயம், ஊர்ச்சனம் "லோஃபோட்டன் கதீட்ரல்" என்று சொல்லுறது, கபெல்வோக்குக்குக் கிட்ட ஈ10 றோட்டோரமாகவே நிக்குது. கடைசி இரண்டு இரவு மட்டும் மேற்கே றைனே பக்கம் மாறலாம். விழா நாட்களில் மாறாதீங்கோ.

நால்வரிசை

வடகரை அண்ணா சொன்னதோடு இசைப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

வோகன் தேவாலயம் 1898இல் கட்டியது. முழுக்க மரம், சிலுவை வடிவம், சுமார் 1,200 பேர் உட்காரலாம். குளிர்கால மீன்பிடிக்கு ஆயிரக்கணக்கில் வந்து சேரும் மீனவர்களுக்காகவே இந்த அளவில் கட்டினார்கள். கல் தேவாலயத்தில் ஒலி நான்கைந்து விநாடி சுழன்றுகொண்டே இருக்கும், வேகமான பகுதிகளில் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும். மரச்சுவர் அப்படி இல்லை. எதிரொலி சீக்கிரம் அடங்குவதால் இரண்டாவது வயலினும் வியோலாவும் தனித்தனியாகக் காதில் விழும். குவார்டெட்டுக்கு இதுதான் வேண்டும். ஒரு குறையும் உண்டு: மெல்லிய மரப்பலகை அடிநாதத்தை உறிஞ்சிவிடும், செலோ சற்று மெலிந்து கேட்கும். ஆள் நிறைந்தால் இன்னும் வறட்சியாகும். அதனால் கடைசி வரிசை வேண்டாம். நடுக்கூடத்தில் முன்னாலிருந்து ஐந்தாவது முதல் பன்னிரண்டாவது வரிசைக்குள் உட்காருங்கள். சிலுவையின் பக்கக் கைகளில் இருந்தால் வாத்தியக்காரர்களின் முதுகையோ தூணையோதான் பார்ப்பீர்கள்.

பியானோவோடு சேர்ந்த கச்சேரியானால் விரல் பார்க்க விரும்புகிறவர் இடப்பக்கம், ஒலி முக்கியம் என்பவர் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம். மூடி திறந்திருக்கும் திசை அதுதான்.

தேவாலயக் கச்சேரிகளில் பெரும்பாலும் எண்ணிட்ட இருக்கை இருக்காது. முதலில் வருபவருக்கு முதல் இடம். 16 பேர் ஒன்றாக உட்கார வேண்டுமானால் 40 நிமிடம் முன்னால் வாசலில் நில்லுங்கள், அல்லது நான்கு நான்கு பேராகப் பிரிந்துவிடுங்கள். பிரிவதுதான் நல்லது. பதினாறு பேருக்கு இடம் பிடித்துத் துணி போட்டு வைப்பது அங்கே மரியாதைக் குறைவு.

பலகை இருக்கைகள் நேர் முதுகோடு, மெத்தை மெல்லிசாகவோ இல்லாமலோ இருக்கும். 70 வயதுக்காரர்களுக்கு மடிக்கக்கூடிய ஒரு சிறு இருக்கைத் திண்டு கட்டாயம். ஷூபெர்ட்டின் இரட்டைச் செலோ குவின்டெட் (ஐவர் வாசிப்பது) ஒன்றே 50 நிமிடத்துக்கு மேல் போகும். நடுவில் எழுந்து காலை நீட்ட முடியாது.

பயணச்சிட்டை

மிக்க நன்றி. கைதட்டல், தாளம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? எங்கள் குழுவில் தொடையில் தாளம் போடாமல் இசை கேட்கத் தெரியாதவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

நால்வரிசை

நல்ல கேள்வி, பலர் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஒரு படைப்பு மூன்று அல்லது நான்கு பகுதிகளாக இருக்கும். பகுதிக்கு நடுவே வரும் நிசப்தத்தில் கை தட்டக் கூடாது. வில்லை இறக்கி, நால்வரும் உடம்பைத் தளர்த்தி, அவையைப் பார்த்த பிறகே தட்டல். எத்தனை பகுதி என்பது நிகழ்ச்சித் தாளில் எண்ணிட்டு இருக்கும். அதை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

தாளத்தை மனத்துக்குள் போடச் சொல்லுங்கள். மரப்பலகையில் கை பட்டால் அந்த வரிசை முழுக்க அதிரும், மரத் தளத்தில் கால் தட்டினால் முன்வரிசை வரை போகும். "சபாஷ்", "ஆஹா" இரண்டுமே இங்கே வேண்டாம். கர்நாடகக் கச்சேரியில் ரசிகரின் தலையசைப்பு பாடகருக்கு ஊக்கம். இங்கே ஊக்கம் கொடுப்பது மௌனம்தான். அந்த மௌனத்தின் கனத்தை வாசிப்பவர்கள் உணர்வார்கள்.

இன்னொன்று, மழைச்சட்டை. நீர்புகாத் துணி ஒவ்வோர் அசைவுக்கும் சரசரக்கும். மெதுவான பகுதியில் அந்தச் சத்தம் வயலினைவிடப் பெரிதாகக் கேட்கும். தொடங்குவதற்கு முன்பே கழற்றி, மடித்து, இருக்கைக்கு அடியில் வையுங்கள். உள்ளே கம்பளி போட்டுக்கொள்ளுங்கள், கம்பளி சத்தம் போடாது. காதுக்கருவி அணிபவர்கள் அதைக் காதில் சரியாகப் பொருத்தச் சொல்லுங்கள். தளர்ந்தால் சீழ்க்கை வரும், அணிந்தவருக்கே அது கேட்காது.

மலைத்தடம்

ஸ்வால்பார்ட் கேள்விக்கு: வேண்டாம். எட்டு இரவில் அது பொருந்தாது. லோங்யர்பியன் 78 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஒஸ்லோ அல்லது துரும்சோ வழியாகத்தான் விமானம். ஊர் எல்லைக்கு வெளியே பனிக்கரடிப் பாதுகாப்பு இல்லாமல் நடக்க முடியாது, எல்லாம் வழிகாட்டியோடுதான். மூன்று இரவு கழிந்துவிடும்.

விசாச் சிக்கல் வேறு. ஸ்வால்பார்ட் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பகுதிக்குள் இல்லை. அங்கே போய்த் திரும்பினால் ஷெங்கனுக்குள் இரண்டாவது முறை நுழைவதாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும். விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே போடலாம். கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்தவர்களுக்கு அதையே எடுத்துக்கொள்வார்கள். சென்னைக்காரர்களில் யாருக்குப் பழைய கைரேகை இருக்கிறது என்று இப்போதே பட்டியல் போடுங்கள்.

சாலைக்கணக்கு

வண்டி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. குழுப் பயணங்கள் குலைவது பெரும்பாலும் இங்கேதான்.

சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர் வரை உட்காரும் வேன் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் வேறு வகை உரிமம். 16 பேருக்கு இரண்டு ஒன்பது இருக்கை வேன் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் பெரிய பெட்டி நான்கோ ஐந்தோதான் போகும். எட்டுப் பேருக்கு எட்டுப் பெட்டி என்றால் மடியில்தான் வைக்க வேண்டும். இரண்டு வேனும் ஒரு காரும் எடுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு கைப்பெட்டி மட்டும் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டுநரோடு மினி பஸ் எடுத்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. நார்வேயிலும் ஐரோப்பிய ஓட்டுநர் நேர விதிதான். நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, ஒரு நாளைக்கு 9 மணி நேர ஓட்டம், தினமும் 11 மணி நேரத் தொடர் ஓய்வு. வாராந்தர ஓய்வுகளுக்கு நடுவே மூன்று முறை மட்டும் அதை 9 ஆகக் குறைக்கலாம். இதை விழாவோடு வைத்துப் பாருங்கள்: அந்த மூன்று முறை தவிர, காலை 9 மணிக்குக் கிளம்பிய ஓட்டுநர் இரவு 10 மணிக்கு வேலையை முடித்தாக வேண்டும். இரவுக் கச்சேரி 11 மணிக்கு முடிந்தால் உங்களைக் கூட்டிப்போக அவரால் வர முடியாது. வந்தால் மறுநாள் காலைப் பயணம் தள்ளிப் போகும். அதனால் பஸ் என்றால் பகல் சுற்றும் இரவுக் கச்சேரியும் ஒரே நாளில் வைக்காதீர்கள். தேவாலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில் தங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

நீங்களே ஓட்டினால்: பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். இரத்தத்தில் மது அளவு ஆயிரத்துக்கு 0.2 தான் எல்லை, ஒரு கோப்பை ஒயினே தாண்டிவிடும். அன்றைய ஓட்டுநர் யார் என்று காலையிலேயே பெயர் குறித்துவிடுங்கள். ஓரத்தில் "எம்" என்று நீலப் பலகை இருக்கும் அகலமான இடங்கள் எதிர்வண்டிக்கு ஒதுங்க விட்டவை, படம் எடுக்க நிறுத்த அல்ல. கோடையில் செம்மறி ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும்.

கூகுள் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். ஸ்வோல்வரிலிருந்து றைனே 125 கி.மீ. அளவில், இரண்டு மணி நேரம் என்று காட்டும். ஜூலையில் முகாம் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஹம்னேய் பக்கத்து ஒற்றைத்தடப் பாலங்களில் விளக்குக்குக் காத்திருந்து, கழிவறைக்கு இரண்டு முறை நிறுத்தினால் மூன்று மணி நேரம்.

பயணச்சிட்டை

ஓட்டுநர் ஓய்வு நேரம் எங்கள் யோசனையிலேயே இல்லை. அப்படியானால் நாங்களே ஓட்டுகிறோம், இரண்டு வேனும் ஒரு காரும். ஓட்டத் தெரிந்தவர்கள் ஆறு பேர்.

நள்ளிரவுச் சூரியன்? விழா ஜூலை நடுவில்தான் வருகிறது.

வடகரை

விளிம்பில நிக்கிறீங்கள். ஸ்வோல்வர் பக்கம் மே கடைசியில் தொடங்கி ஜூலை நடுவோடு முடிஞ்சிடும். கடைசி நாட்களில் சூரியனின் மேல்விளிம்பு மட்டும்தான் கடற்கோட்டைத் தடவிக்கொண்டு போகும். அதுக்குப் பிறகும் பயப்பிட வேண்டாம், இரவு இருட்டாகாது, வானம் மணிக்கணக்காகச் செம்மஞ்சளாகவே இருக்கும்.

கனபேர் விடுற பிழை, சரியாகப் 12 மணிக்குப் பார்க்கப் போறது. கோடை நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கு. ஸ்வோல்வர் 15 டிகிரி கிழக்குக் கோட்டுக்குச் சற்று மேற்கே, ஜூலையில் சூரியன் மணிக்கூட்டைவிட ஆறு நிமிசம் பிந்தி ஓடும். எல்லாம் கூட்டினால் சூரியன் மிகத் தாழ நிக்கிறது அதிகாலை 1.07 அளவில். பன்னிரண்டுக்கு வந்து, படம் எடுத்து, பன்னிரண்டரைக்குத் திரும்புற ஆட்கள் உண்மையான நடு இரவைக் காணாமலே போயினம்.

இரண்டாவது பிழை, ஸ்வோல்வரிலேயே நிண்டு பார்க்கிறது. அந்தப் பட்டணம் தீவின் தெற்குக் கரையில், வடக்கே மலை மறைக்கும். வெளிக்கடல் பக்கம் போகவேணும்: கிம்சேயாவின் ஹோவ், அல்லது எக்கும், உன்ஸ்டாட், உத்தாக்லைவ். கபெல்வோக்கில் 11 மணிக்குக் கச்சேரி முடிஞ்சால் ஹோவுக்கு முக்கால் மணித்தியாலம், 12 மணிக்கு நல்ல இடம் பிடிச்சிடலாம். எக்கும் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே, திரும்பிப் படுக்க மூன்று மணியாகும். வெளிச்சமாக இருக்கிறதால ஓட்டுறவருக்குக் களைப்பு தெரியாது, ஆனால் உடம்பு நித்திரைக்கு இழுக்கும். அந்த இரவுக்குப் பின்னேரமே ஒரு மணித்தியாலம் படுத்தெழும்பின ஆளை ஓட்ட விடுங்கோ.

மலைத்தடம்

றைனேபிரிங்கன் மலைக்குப் போக விரும்புவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 448 மீட்டர். நேபாள ஷெர்பாக்கள் அடுக்கிய கற்படிகள், கிட்டத்தட்ட இரண்டாயிரம். தூரம் குறைவு, ஆனால் தொடக்கத்திலிருந்து உச்சி வரை படியேற்றம் மட்டுமே. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. அவர்கள் கீழே றைனே துறையிலோ ஓ என்ற பெயருள்ள கிராமத்து மீனவர் அருங்காட்சியகத்திலோ இருக்கட்டும். மழை பெய்த கல் வழுக்கும். உச்சியில் முகில் இருந்தால் ஏறிப் பயனில்லை, கீழிருந்தே தெரியும். ஏறுகிறவர்களுக்கு ஏற்றம் ஒன்றரை மணி, மேலே அரை மணி, இறக்கம் ஒன்றேகால் மணி என்று வையுங்கள். அன்று மாலை கச்சேரி வைத்தால் ஏறியவர்கள் இரண்டாவது பகுதியிலேயே தூங்கிவிடுவார்கள்.

என் கருத்து: விழா முழுவதற்கும் சீட்டு எடுக்காதீர்கள். ஐந்து நாளில் மூன்று கச்சேரி போதும். லோஃபோட்டனில் வானம் தெளிவாகக் கிடைக்கும் நாள் விலைமதிப்பற்றது. அன்று உள்ளே உட்கார்ந்திருப்பது பாவம்.

நால்வரிசை

மலைத்தடம், இதில் மாறுபடுகிறேன். மலை அடுத்த ஆண்டும் இருக்கும். அந்த நால்வர் அந்த மரக்கூடத்தில் அந்தப் படைப்பை வாசிப்பது ஒரே ஒரு முறைதான். இசைக்காகப் புறப்பட்ட குழுவுக்கு மூன்று கச்சேரி என்பது விருந்துக்குப் போய் மோர் மட்டும் குடித்துவிட்டு வருவதுபோல்.

ஆனால் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பதில் நானும் உறுதி. பகல் கச்சேரி ஒரு மணி நேரம், மாலையில் ஒன்று, இரவு இன்னொன்று என்று விழாவில் அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்றாவதில் காது எதையும் வாங்காது. ஐந்து நாளில் ஆறு என்பது என் கணக்கு. அதில் குறைந்தது இரண்டு வேறு தேவாலயத்தில் இருக்கட்டும். கிராவ்டாலில் உள்ள புக்ஸ்னஸ் தேவாலயம் 1905இல் கட்டியது, சிவப்பு மரம், கூரையில் பழைய வைக்கிங் கப்பல்போல டிராகன் தலைகள். கூடம் சிறிது, வாத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் கேட்கும். விழாவில் அங்கே கச்சேரி வைத்திருந்தால் விடாதீர்கள்.

வடகரை

இரண்டு பேர் சொல்லுறதும் ஒண்டாக்கலாம். கச்சேரிக்கு நேரம் மாறாது, மலைக்கும் கடலுக்கும் மாற்றலாம். அதனால ஆறு கச்சேரியையும் முதலே ஆணி அடிச்ச மாதிரி வையுங்கோ. மிச்சத்தை ஒன்றும் நாள் குறிச்சு வைக்காமல், "வெயில் வேலை", "மழை வேலை" என்று இரண்டு பட்டியலாக வையுங்கோ. ஒவ்வொரு இரவும் 8 மணிக்கு நோர்வே வானிலை நிலையத்தின்ர "ஈர்" செயலியைப் பார்த்து அடுத்த நாளுக்கு ஒன்றை எடுக்கிறது.

மழைக்குறியைவிடக் காற்றுக்குறியைப் பாருங்கோ. தென்மேற்குக் காற்று என்றால் முகில் வெஸ்ட்ஃபியோர்டு பக்க மலையில மோதி ஸ்வோல்வர், ஹெனிங்ஸ்வேர் எல்லாம் நனையும், அதே நேரம் எக்கும், உன்ஸ்டாட் பக்கம் சில வேளை வெளிச்சிருக்கும். வடக்குக் காற்றென்றால் நேர்மாறு, வெளிக்கடல் கரை முழுக்கக் கடல்மூட்டம், ஸ்வோல்வர் பக்கம் நல்ல வெயில். ஒரு பக்கம் கெட்டால் 40 நிமிசம் ஓட்டி மற்றப் பக்கம் போனால் நாள் தப்பும்.

மழை நாளுக்கு: ஸ்வோல்வரில் போர் நினைவு அருங்காட்சியகம், 1941 மார்ச் பிரித்தானியக் கமாண்டோத் தாக்குதல் விபரமெல்லாம் அங்கே விளங்கும். கபெல்வோக் பக்கத்து ஸ்டோர்வோகனில் பழைய மீனவர் வாழ்க்கை அருங்காட்சியகம். போர்க் என்ற இடத்தில் வைக்கிங் தலைவன் வீடு, அகழ்வில் கிடைத்த அளவுக்கே திரும்பக் கட்டினது, 83 மீற்றர் நீளம். அதுக்குக் கிட்டவே எக்கும். அங்கே கடற்கரையில மார்க்கஸ் ரேட்ஸ் செய்த தலைச்சிற்பம் ஒன்று இருக்கு, சுத்தி நடந்தால் 16 தரம் உருவம் மாறும். நடை சமதரை, முழங்கால்காரரும் போகலாம்.

வெயில் நாளுக்கு ட்ரோல்ஃபியோர்டு. 2 கிலோமீற்றர் நீளம், வாய் 100 மீற்றர் அகலம்தான். ரப்பர் வேகப்படகில் இரண்டு மணித்தியாலம், பெரும்பாலும் 12 பேர்தான் ஏற்றுவினம், நீங்கள் இரண்டாகப் பிரிய வேண்டி வரும். இடுப்பு, முதுகு வலி இருக்கிறவை அதில ஏறவே கூடாது, ஒவ்வொரு அலையும் முதுகில அடிக்கும். பெரிய மின்சாரப் படகு மூன்று மணித்தியாலத்துக்கு மேலே எடுக்கும், ஆனால் 16 பேரும் ஒண்டாக, உள்ளே சூடாக, சத்தமில்லாமல் போகலாம். கடற்கழுகு இரண்டிலையும் தெரியும்.

அஞ்சறைப்பெட்டி

சாப்பாட்டை யாரும் தொடவில்லையே. கச்சேரி இரவில் என்றால் அதுதான் முதல் பிரச்சினை. உணவகச் சமையலறை பல இடங்களில் 9, 10 மணிக்கு மூடிவிடும். 7 மணிக் கச்சேரிக்குப் பிறகு 16 பேர் ஒன்றாகச் சாப்பிட இடம் கிடைக்காது. மாலை 5 மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், திரும்பி வந்து சூடான ரசமும் சாதமும் போதும்.

அதற்காகத்தான் ஓட்டல் வேண்டாம், றோர்பு எடுங்கள் என்கிறேன். கடலுக்குமேல் மரக்கால் ஊன்றிய பழைய மீனவர் குடில், உள்ளே அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டி எல்லாம் இருக்கும். நான்கு பேருக்கு ஒன்றாக நான்கு குடில். மாடிப் படுக்கைக்குச் செங்குத்தான ஏணிதான், முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழறை என்று முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள். படுக்கை விரிப்பும் கடைசிச் சுத்தமும் வாடகையில் சேர்ந்ததா என்று பாருங்கள், பல இடங்களில் தனிக் காசு. ஜன்னல் திரை மெல்லிசு, கண்மறைப்பு ஆளுக்கு ஒன்று.

அடுப்பு பெரும்பாலும் இன்டக்ஷன் அல்லது கண்ணாடித்தட்டு. அலுமினியக் குக்கர் இன்டக்ஷனில் சூடாகாது, அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கர் 3 லிட்டர் ஒன்று கொண்டு போங்கள். முக்கியம்: தாளிப்பு. மரக்குடிலில் கடுகும் மிளகாய் வற்றலும் எண்ணெயில் பொரிந்தால் ஒரு நிமிடத்தில் புகை அலாரம் அலறும். அலாரத்தைக் கழற்றக் கூடாது, மரக்கட்டடத்தில் அது உயிர்காப்பு. வீட்டிலேயே தாளித்து, எண்ணெயோடு ஆறவைத்துச் சிறு புட்டியில் எடுத்துப் போங்கள், கடைசியில் கொட்டிக் கலந்தால் போதும். விமானத்தில் அது பெட்டியில் போகட்டும், கைப்பையில் விடமாட்டார்கள்.

சென்னையிலிருந்து வருபவர்கள் நெய், பால்பொடி, பால்கோவா எதுவும் கொண்டுவரக் கூடாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால்பொருளும் இறைச்சியும் தடை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, அப்பளம் கொண்டுவரலாம். 16 பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி ஒன்றரைக் கிலோ, பருப்பு 400 கிராம் என்று கணக்கு வையுங்கள். அரிசி அங்கேயே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பல மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

சைவம் நான்கு பேருக்கும் வெளியே சாப்பிடும்போது "மீன் சூப்பில் மீனை எடுத்துவிட்டுத் தருகிறோம்" என்ற பேச்சு வரலாம், தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

பயணச்சிட்டை

அக்கா, தாளிப்பு யோசனைக்குத் தனி நன்றி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வரைவு. பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் நாள் ஏவனஸ் வந்து ஸ்வோல்வர், இரவு எதுவும் இல்லை. இரண்டாம் நாள் பகல் ஓய்வு, மாலை தொடக்கக் கச்சேரி. மூன்றாம் நாள் பகலில் ட்ரோல்ஃபியோர்டு, இரவுக் கச்சேரி, பிறகு ஹோவ். நான்காம் நாள் காலை 9 மணிக்கு ஹெனிங்ஸ்வேர், பகல் கச்சேரி, மாலைக் கச்சேரி. ஐந்தாம் நாள் போர்க், எக்கும், மாலை ஸ்டாம்சுண்டிலிருந்து கடற்கரைக் கப்பல் ஏறி ஸ்வோல்வர். ஆறாம் நாள் இரண்டு கச்சேரி. ஏழாம், எட்டாம் நாள் றைனே. ஒன்பதாம் நாள் காலை றைனேயிலிருந்து ஏவனஸ், பிற்பகல் 2 மணி விமானம்.

சாலைக்கணக்கு

ஒன்பதாம் நாள் நடக்காது. றைனேயிலிருந்து ஏவனஸ் 290 கி.மீ. அளவில், ஜூலையில் நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம். வண்டி ஒப்படைக்க, பெட்டி போட இரண்டு மணி. காலை 6 மணிக்கே கிளம்ப வேண்டும், 16 பேர் 6 மணிக்குக் கிளம்ப மாட்டார்கள். மாலை விமானம் பிடியுங்கள், அல்லது கடைசி இரவை ஸ்வோல்வரிலேயே கழியுங்கள்.

ஐந்தாம் நாளும் யோசியுங்கள். கப்பல் நல்ல யோசனை, மாலை ஏழு மணி வாக்கில் ஸ்டாம்சுண்டில் ஏறினால் ஒன்பது மணி வாக்கில் ஸ்வோல்வர். ஆனால் மூன்று வண்டியை யார் திரும்ப ஓட்டி வருவது? மூன்று ஓட்டுநர் கப்பலை விட்டுவிட வேண்டும். முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொண்டவர்களை மட்டும் அன்று ஓட்ட வையுங்கள்.

நால்வரிசை

நான்காம் நாள் பிழை. மூன்றாம் இரவு ஹோவில் 1.07 வரை நின்றால் படுக்க இரண்டரை ஆகும். மறுநாள் 9 மணிப் பயணத்தோடு இரண்டு கச்சேரி வைத்தால் இரண்டுமே வீண். காலையை முழுக்க விடுங்கள், ஹெனிங்ஸ்வேரை ஆறாம் நாள் இரண்டு கச்சேரிக்கு நடுவே நகர்த்துங்கள், கபெல்வோக்கிலிருந்து அரை மணிதான். தவிர ஹோவ் இரவை மூன்றாம் நாள் என்று எழுதாமல், தெளிவாக இருக்கும் எந்த இரவோ அது என்று எழுதுங்கள்.

அஞ்சறைப்பெட்டி

ஒன்று விட்டுப்போனது. சிறு தேவாலயங்களில் கழிவறை ஒன்றோ இரண்டோதான் இருக்கும், இடைவேளை இல்லாத கச்சேரிகளும் உண்டு. 16 பேரும் றோர்புவிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். கச்சேரிக்கு ஒரு மணி முன்னால் காபி வேண்டாம்.

வடகரை

வண்டி விசயம்: வாசலில் முதியவர்களை இறக்கிவிட்டு, இரண்டு பேர் வரிசையில இடம் பிடிக்க, ஓட்டுநர்கள் போய் நிறுத்திவிட்டு வரட்டும். காசு கொண்டு திரிய வேண்டாம், எல்லா இடமும் அட்டைதான். சில சின்ன இடங்களில் "விப்ஸ்" என்று எழுதியிருக்கும், நோர்வே வங்கிக் கணக்கு இல்லாமல் அது உங்களுக்கு உதவாது, அட்டை எடுப்பீங்களோ என்று கேளுங்கோ. சீட்டெல்லாம் கைப்பேசியில் வரும், 16 பேரின் சீட்டும் ஒரே ஆளின்ர பேசியில் இருந்து, அந்த ஆள் வண்டி நிறுத்தப் போயிருந்தால் மற்ற 15 பேரும் வெளியில நிக்க வேண்டியதுதான். கிளம்ப முதலே ஆளாளுக்கு அனுப்பி விடுங்கோ.

பயணச்சிட்டை

சரி, மாற்றிவிட்டேன். கடைசி இரவு ஸ்வோல்வர், றைனே ஒரே இரவு. ஹெனிங்ஸ்வேர் ஆறாம் நாள். சீட்டு ஆளாளுக்கு. திண்டு 16 வாங்கச் சொல்லிவிட்டேன், முதியவர்களுக்கு மட்டும் அல்ல.